பிளேட் அக்காவும் சொகுசு ஆகாத கிருமிகளும்

புறங்கையைத் தட்டின் மூடியில் வைத்து, "இதுக்குக் காய்ச்சல்" என்கிறாள் பிளேட் அக்கா. ஆய்வுக்கூடத்தில் கிருமிகளுக்குத் தட்டில் தீனி ஊற்றிக் கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக. விரல் நுனியெல்லாம் தீனியில் கலக்கும் சிவப்புச் சாயம். எந்தச் சோப்புக்கும் மசியாது.

அந்தச் சாயத்தில்தான் ஆராய்ச்சிப் பெண்ணின் பிழைப்பே தொங்குகிறது. அவள் வளர்க்கும் கிருமிகள் தங்கள் மேற்பரப்பில் அமிலாய்டு என்ற புரத நாரை நூற்க வேண்டும். நூற்றால், சாயத்தைக் குடித்துச் சிவக்கும். மூன்று மாதமாக வெள்ளை வெளேர். வெள்ளிக்கிழமைக்குள் சிவக்காவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"மூளையில சேர்ந்தா மறதி நோய்னு பயப்படுறாங்களே, அந்த வகையறாவா?" என்று அக்கா முதல் நாளே கேட்டிருந்தாள்.

"அதேதான்க்கா. ஆனா இதுங்க வேணும்னே செய்யுதுங்க. ஒண்ணையொண்ணு பிடிச்சுக்க."

"நமக்கு நோய், அதுங்களுக்குக் கயிறா? கெட்டிக்காரப் பசங்க!"

காய்ச்சல் பிடிபட்டது புதன்கிழமை காலை. வளர்ப்புப் பெட்டியின் சூட்டுக் குமிழ், வைத்தபடியே இருபத்தாறு டிகிரியில் நிற்கிறது. உள்ளே தட்டு சுடுகிறது. பக்கத்து அறைக்காரர்கள் தங்கள் தட்டுகளுக்காகச் சாயங்காலம் முப்பத்தேழுக்குத் திருகி, காலையில் நல்ல பிள்ளைபோலத் திருப்பி வைத்திருக்கிறார்கள். தினமும்.

"ஏன்டி, கதகதன்னு படுத்திருக்கறவன் எவனாவது சங்கத்துக்கு வருவானா? குளிரணும்டி. அப்பத்தான் பக்கத்துல இருக்கறவன் கையைப் பிடிப்பான்."

"ஐயோ அக்கா! மூணு மாசம்!" அழ ஆரம்பித்த பெண், பாதியில் சிரித்துவிட்டாள்.

புதுத் தட்டுகளில் கிருமியைத் தடவினார்கள். அக்கா ஏசி அறையில் தன் கைப்பை வைக்கும் அலமாரியைக் காலி செய்து, தட்டுகளை அடுக்கிப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இரண்டு நாளும் யார் கேட்டாலும் ஒரே பதில்: "உள்ள பிரசவம். சத்தம் போடாதீங்க."

வெள்ளிக்கிழமை. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அக்கா திறந்தாள். தட்டு முழுக்க ரத்தச் சிவப்பு. வறண்டு, சுருங்கி, கசக்கிப் போட்ட பட்டுத்துணி மாதிரி. பெண் போட்ட கூச்சலில் குடுவைகள் அதிர்ந்தன.

அக்கா ஒரு பல்குச்சியால் ஓரத்தை நெம்பினாள். கொழகொழவென்று இழுபடவில்லை. கோடிக்கணக்கான கிருமிகளும் பிடித்த பிடியை விடாமல் ஒரே ஏடாக எழுந்து வந்தன. குச்சியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவள் மேஜையைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். பின்னாலேயே குதித்துக்கொண்டு பெண்.

"சார், தனியா நிக்காதீங்க. வரிசையில வாங்க!"

சொன்னதோடு விடவில்லை. மறு கையால் பேராசிரியரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, பெண்ணுக்குப் பின்னால் நிறுத்தினாள்.