வளைவுக்கு வாய் எதுக்கு

"வளைவு எடுக்க எனக்கு ரெண்டு கை போதும். கண்டக்டரோட வாய் எதுக்கு?" என்று 2003ஆம் ஆண்டு, பர்மாவில் போட்டாதாங் படகுத்துறை அருகே ஒரு தேநீர்க் கடையில் ஷம்சுதீன் பாய் பிரகடனம் செய்தார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய கண்டக்டர் சொக்கன் கவனித்துவிட்டான், அதுதான் தொல்லை.

பாயின் வாழ்க்கை வரலாறு சுருக்கமானது. போட்டாதாங்கில் பிறந்தார், அலோன் வரை பஸ் ஓட்டினார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பஸ் ஜப்பானில் கழித்துக் கட்டியது, ஸ்டியரிங் வலப்பக்கம். எங்கள் ஊரில் வண்டிகள் போவதும் சாலையின் வலப்பக்கம். ஆகவே இடப்பக்கம் என்ன வருகிறது என்பது படைத்தவனுக்கும் சொக்கனுக்கும் மட்டுமே தெரியும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அவன் இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டி, "ப்யே ப்யே" என்பான், மெல்லப் போ என்று. வழி கிடைத்ததும் "ஸ்வே, சயா" என்பான், இழுத்துப் போ என்று. டீசல் போக, இந்த இரண்டு பர்மியச் சொற்களில்தான் அந்தப் பஸ் ஓடியது.

"வாய் வேண்டாமா? சரி பாய்," என்றான் சொக்கன். "ருமானாக்கா வீடியோ கேம் கடையில கார் ரேஸ் இருக்குல்ல. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வாங்க. செவுத்துல ஒட்டாம ஒரு சுத்து வந்துட்டா, பஸ்ஸுல நான் வாயே தொறக்க மாட்டேன். ஒட்டுனா, இதே பெஞ்சு மேல ஏறி நின்னு, சொக்கன் இல்லாம வளைவு இல்லேன்னு சொல்லணும்."

"பொம்மைக் காருதானடா."

பொம்மைக் கார் முதல் வளைவிலேயே சுவரில் அப்பியது. அந்த வாரம் முழுக்க அப்பிக்கொண்டே இருந்தது. பாய் ஜாய்ஸ்டிக்கில் ஹாரன் தேடினார். டிவியைக் குறை சொன்னார். ஜப்பான்காரனைக் குறை சொன்னார். கடைக்காரி ருமானாவுக்கு ஆயுளில் பாதி அந்த வாரத்திலேயே தீர்ந்தது.

"நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் ருமானா, "வளைவுக்கு முன்னாடியே பிரேக்கு. வண்டி நேரா இருக்கும்போதே. உள்ள போயி அமுக்குனா வழுக்கத்தான் செய்யும்."

"முன்னாடின்னா எப்ப?"

"வளைவுதான் கண்ணுக்குத் தெரியுதே."

"தெரியுது. யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்களே."

ருமானா நெற்றியில் அடித்துக்கொண்டார். "சரி, வெளியோரமாப் போங்க. திரும்பையில உள்ளோரத்தைத் தொடுங்க. அப்புறம் மறுபடி வெளியோரம்."

"அது அடுத்த பஸ்காரன் எடம்மா."

வியாழக்கிழமை ஒரு சுற்றை ஏறக்குறைய முடித்தார், மின்சாரம் போய்விட்டது. அரசாங்கமும் சொக்கனோடு சேர்ந்துவிட்டதாக அவர் சந்தேகித்தார்.

வெள்ளிக்கிழமை சொக்கன் வெற்றிலையை அடக்கிய வாயோடு வாசலில் நின்றான். ஆட்டம் தொடங்கியது. முதல் வளைவு நெருங்கியபோது பாயின் உதடுகள் அசைந்தன. "ப்யே ப்யே," என்று முணுமுணுத்தார், சொக்கனின் அதே மூக்குக் குரலில். விரல் தானாகப் பிரேக்கை அமுக்கியது. கார் உள்ளோரத்தைத் தொட்டது. "ஸ்வே, சயா." கார் பாய்ந்தது. இப்படியே எல்லா வளைவும். சுவர்கள் ஏமாந்து நின்றன.

"ஜெயிச்சுட்டீங்க, நானா," என்றார் ருமானா. தன் காதில் விழுந்த "ப்யே ப்யே"யைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ் நிரம்பி வழிந்தது. அலோன் துறைமுக வளைவு வந்தது. சொக்கன் ஜன்னலில் தலையை நீட்டினான். பந்தயப்படி வாயைத் திறக்கவில்லை.

பஸ் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. பயணிகள் உச்சுக்கொட்டினார்கள். பாய் "ப்யே ப்யே" என்று தானே சொல்லிப் பார்த்தார். இடப்பக்கம் அவருக்குத் தெரியவில்லை. சொக்கன் தன் வாயைச் சுட்டிக்காட்டிவிட்டு, நிதானமாக வெற்றிலையை மென்றான்.

பாய் சாலையைப் பார்த்தபடியே, சொக்கனைத் தவிர யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"சொல்லுடா."