மண்ணுக்குள் போன கேபிள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்தது இதுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடம் இலங்கை மலையகத்து நோர்வூட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினேன். ரோட்டோர அறையில் நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி, படியிறங்கினால் மேட்டை ஒட்டிய அறையில் மெஷின்கள். எந்தக் கேபிள் எதற்குப் போகிறது என்று குறித்து வைக்கவில்லை. அதனால் நான் மேலேயிருந்து "நித்தி, இருக்கியா?" என்று கத்திவிட்டு ஒன்றைக் கழற்றுவேன். கீழே என் மகள் நித்யா எந்த மெஷினில் விளக்கு அணைகிறது என்று பார்த்து, "போயிருச்சுப்பா" என்பாள்.

ஒரு மழை நாள் பகலில் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது மேடு சரிந்து கீழ் அறையை மூடியிருந்தது. நித்யா அங்கேதான் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். இன்னும் மண் வருகிறது என்று என்னை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். மேல் அறைக்கு ஓடினேன். கம்பம் விழுந்து கரண்ட் இல்லை, ஸ்விட்ச் மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடியது. அவள் உட்காரும் மெஷினின் கேபிள் மட்டும் எனக்கு அடையாளம் தெரியும்; எல்லா விளக்கும் அணைந்திருக்க, அது செருகிய போர்ட்டில் மட்டும் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

"உசுரோட இருக்கா, மெஷின் ஓடுது," என்று ஜன்னல் வழியே கத்தினேன்.

"கரண்டே இல்லாம என்னத்த ஓடுது, சேர்? சும்மா இருங்க," என்றார் ஓரமாக நின்று மண் அள்ளிக்கொண்டிருந்த ஒருவர்.

அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்?

"ஏம்ப்பா அழுறீங்க?"

திரும்பினால் நித்யா, கையில் குடையும் கடையில் வாங்கிய பாண் பார்சலும். கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் தோளுக்குப் பின்னால் அந்த விளக்கு இன்னும் மினுங்கியது. எனக்கு என்ன தோன்றியதோ, போய்க் கேபிளைக் கழற்றினேன், விளக்கு அணைந்தது.

"போயிருச்சுப்பா."

மண்ணுக்கு அடியிலிருந்து, நித்யாவின் குரல். நித்யா என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறாள், உதடு அசையவில்லை.

தோண்டிப் பார்த்ததில் யாருமில்லை. மெஷின் நொறுங்கிக் கிடந்தது, கேபிள் பாதியிலேயே அறுந்திருந்தது.

பல வருடம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. போன மாதம் அவளே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க கேபிளத் தொட்டப்போ கீழருந்து உங்க குரல் கேட்டுச்சுப்பா. 'நித்தி, இருக்கியா'ன்னு. நீங்க என் பக்கத்துலதான் நிக்கிறீங்க. நல்லவேளை, நான் பதில் சொல்லல."

பதில் வந்ததை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.