அம்புக்குறிக்குக் கீழே

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, எங்கள் வீட்டு வாசல்வரை வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும், பெங்களூர் நீலசந்திரா வட்டாரத்து அக்கம்பக்கத்தாருக்கும் தம்பியின் வணக்கம். அழைப்பிதழில் "எங்கள் வீட்டில்" என்று அச்சடித்துவிட்டேன். பழக்கதோஷம். இப்போது அது என் ஒருவன் வீடு.

அக்கா பிறந்தது வாணியம்பாடிக்குப் பக்கத்தில். எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அக்காவைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமா பட்டாளத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். ஏழே வருஷத்தில் அம்மை கண்டு போய்ச் சேர்ந்தார். பிள்ளையில்லை. அடுத்தடுத்து எங்கள் பெற்றோரும் கண்ணை மூட, அக்கா என்னை இங்கே அழைத்துக்கொண்டார். "எனக்குத் தொணைக்கு ஆள் வேணும்" என்று உறவினர்களிடம் சொன்னாராம். யாருக்கு யார் துணை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் ஒரு யூனிபாரம் கடையில் துணி வெட்டும் கட்டர் ஆனேன். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அக்கா பெண் பார்க்காத ஊர் இல்லை. பார்த்த பெண்களுக்கெல்லாம் வேறு இடத்தில் நல்ல மாப்பிள்ளை கிடைத்தான்.

அக்கா கண்டோன்மென்டில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார நர்சம்மா அவருக்குத் தெர்மாமீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம் அந்த அம்மா ஊருக்குப் புறப்படும்போது ஒரு தெர்மாமீட்டரை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் தின்ற அன்று, அக்கா ஆளில்லாத வார்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தார். "முப்பது பெட்டு, ஒருத்தன் இல்லடா" என்று மட்டும் சொன்னார். அன்று சாப்பிடவில்லை. பிறகு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, முதுகு வளையும்வரை உழைத்தார்.

அந்தத் தெர்மாமீட்டரைப் பஞ்சு சுற்றிப் பவுடர் டப்பாவில் வைத்திருந்தார். எங்கள் தெருவில் அவர் பெயரே தெர்மாமீட்டர் அம்மா. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் இங்கேதான் வருவார்கள். கண்ணாடியில் தொண்ணூற்றெட்டைத் தாண்டி ஒரு சிவப்பு அம்புக்குறி இருக்கும். பாதரசம் அம்புக்கு மேலே போனால் அக்காவே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார். கீழே இருந்தால், "ஒண்ணும் இல்ல, எழுந்து வேலைக்குப் போ" என்பார். எனக்கு அந்தச் சட்டத்தில் விலக்கே கிடையாது. ஒரு நாள் தலைவலி என்று படுத்தவனை, அம்புக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கிறது என்று போர்வையை உருவி எழுப்பிக் கடைக்கு அனுப்பினார். நானோ அளவை நம்பிப் பிழைக்கிறவன். டேப்பில் முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டுதான். ஆகவே அக்காவின் அம்பை நான் சுவாமி படத்தைப்போல நம்பினேன்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் அக்காவின் கால் கட்டைவிரல் கல்லில் இடித்து நகம் பெயர்ந்தது. அவரே டிஞ்சர் போட்டுத் துணி சுற்றிக்கொண்டார். புதன்கிழமை கால் வீங்கியிருந்தது. சோறு வேண்டாம் என்றார். கேட்டதற்கு, "வயசாச்சில்ல, பசி எங்க வரும்?" என்றார்.

வியாழக்கிழமை காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பாயில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பன்னண்டாம் நம்பர் பெட்டுக்குத் தண்ணி குடுத்தியா?"

"எந்தப் பெட்டுக்கா? கனா கண்டியா?"

"கேட்டான்ல, குடு."

நான் சிரித்துவிட்டேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்காமல் டப்பாவைத் திறந்து, தெர்மாமீட்டரை உதறி, அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். அவர் கை பட்டது. சில்லென்று இருந்தது. பாதரசம் தொண்ணூற்றாறிலேயே நின்றுவிட்டது. அம்புக்கு வெகு கீழே.

"ஜுரமே இல்லக்கா."

"அம்புக்குக் கீழயா?"

"ரொம்பக் கீழ."

"அப்ப வேலைக்குப் போ."

போனேன். காக்கித் துணி மலையாகக் குவிந்திருந்தது. அன்று முழுவதும் நிம்மதியாகக் கத்தரி ஓட்டினேன். அந்த நிம்மதிதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

சாயங்காலம் தெருமுனையில் பக்கத்து வீட்டு கௌரம்மா எதிரே ஓடிவந்தார். "அண்ணா, பேக பன்னி, சீக்கிரம் வாங்க! அக்கா என்னை யாருன்னு கேக்கறாங்க!" ஓடினேன். அக்கா தண்ணீர்ப் பானையருகே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வேகவேகமாக வாங்கியது. என்னையும் யார் என்று கேட்டார். நாற்பத்தைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன், என் பெயரை அவருக்குச் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டினார். வேற்று ஆளிடம் ஆட்டுவதுபோல.

எங்கள் தெருவில் ஜட்கா ஓட்டும் பாய், தன் குதிரைவண்டியில் வைக்கோலைப் பரப்பி அக்காவைப் படுக்கவைத்தார். "பயப்படாதிங்க மாஸ்டர், எங்கியும் நிக்கமாட்டேன்" என்றவர், சொன்னபடியே ஆஸ்பத்திரி வாசல்வரை எங்கும் நிறுத்தவில்லை.

டாக்டரம்மா கால் கட்டைப் பிரித்தார். முழங்கால்வரை சிவந்து கறுத்திருந்தது. "எத்தனை நாளா இப்படிப் பேசறாங்க?" என்று கேட்டார்.

"காலையில இருந்துதாம்மா. ஆனா ஜுரம் இல்ல. நான் பார்த்தேன்" என்றேன். பரீட்சையில் பாஸானவனைப் போலச் சொன்னேன்.

அவர் உடனே ஊசிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, வராந்தாவில் என்னை நிறுத்திப் பொறுமையாகச் சொன்னார். "கால் புண்ணு செப்டிக் ஆகி ரத்தத்துல கலந்துடுச்சு. கிருமி வந்தா உடம்பு சண்டை போடும். அந்தச் சண்டையில வர்ற சூடுதான் ஜுரம். வயசானவங்க உடம்புல அந்தச் சூட்டை ஏத்தத் தெம்பு இருக்காது. சில பேருக்குக் குளிர்ந்தே போயிடும். சூடு இல்லைன்னா கிருமி இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க. அவங்களுக்குப் பேச்சு தடுமாறும், மயக்கமா இருப்பாங்க, சாப்பாடு வேண்டாம்பாங்க, மூச்சு வாங்கும். அதுதான் அவங்க ஜுரம்."

"காலையிலயே வந்திருந்தா?"

"சொல்ல முடியாது. நேரம் கிடைச்சிருக்கும்" என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாத அந்தப் பெண்ணுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெனிசிலின் போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள். அக்கா வார்டுக் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நர்சு தெர்மாமீட்டர் வைத்து எடுத்ததும், சட்டென்று கண் தெளிந்து என்னைத் தேடினார். என்னைத் தெரிந்துகொண்டார். அதில் சந்தேகமே இல்லை.

"எவ்ளோடா?"

"அம்புக்குக் கீழதாங்க்கா."

"அப்ப இங்க என்னா பண்ற? வேலைக்குப் போ."

இந்த முறை நான் போகவில்லை. அவர் சொல்லை நான் தட்டியது அந்த ஒரு தடவைதான். சனிக்கிழமை காலை அக்கா இறந்தார்.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் புறப்பட்ட பிறகு, வீட்டில் அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு தட்டு இருந்தது. ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இந்த ஒரு வருஷமாக அதை நிமிர்த்த வேலை வரவில்லை. சாயங்காலம் கடையிலிருந்து வந்து பூட்டைத் திறக்கும்போது, "வந்துட்டேங்க்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகு வெட்கமாக இருக்கிறது.

வண்டி ஓட்டிய பாய், ஆஸ்பத்திரியில் முறை போட்டு உட்கார்ந்த கௌரம்மா, டாக்டரம்மா, நர்சுகள், தந்தி கிடைத்ததும் வாணியம்பாடியிலிருந்து ரயிலேறிய சித்தப்பா மக்கள், எனக்கு லீவு கொடுத்த கடை முதலாளி, பாடைக்குத் தோள் கொடுத்த தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் நன்றி. நன்றி என்ற சொல் இதற்குப் போதாது; என்னிடம் வேறு சொல் இல்லை.

பவுடர் டப்பா இன்னும் இங்கேதான் இருக்கிறது. பழையபடி வந்து கேட்கிறீர்கள், நானும் கொடுக்கிறேன். கொடுக்கும்போது ஒன்று கேட்பேன், உங்களுக்கே தெரியும்: யாருக்கு, என்ன வயது? வயதானவர் என்றால், அம்பை மட்டும் பார்க்காதீர்கள், அவர் பேச்சைக் கேளுங்கள், உங்களை அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் நான் புலம்புகிறேன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

கடைசியாக, நன்றி சொல்லவேண்டிய இடத்தில் ஓர் உதவி கேட்கிறேன். எனக்கும் வயது ஐம்பத்தேழு ஆகிறது. ஜுரத்தைத் தெர்மாமீட்டர் வைத்து நானே பார்த்துக்கொள்வேன். என் பேச்சு தடுமாறுவதை நானே கேட்டுக்கொள்ள முடியாது. அதற்கு எதிரில் இன்னொருவர் வேண்டும். ஆகவே காலையில் குழாயடிக்குப் போகிறவர்கள் என் கதவைத் தாண்டும்போது ஒரு குரல் கொடுங்கள். நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சரி, நடையைக் கட்டுங்கள். பெயரை மாற்றிச் சொன்னால் சிரிக்காதீர்கள். உள்ளே வாருங்கள்.

அன்புடன்,
தம்பி