ரோபோக்களுக்கு ஆடித்தபசு லீவு

இந்த வருடம் ஆடித்தபசு அன்று காலை எட்டே முக்காலுக்கு நான் ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மதுரையிலிருந்து சித்தி குடும்பம் வந்திருந்தது. சீசன் நேரத்தில் தென்காசியில் வீடு இருக்கிறவர்களுக்குச் சொந்தபந்தத்துக்குக் குறைவே வராது. உங்களுக்குத் தெரியாததா?

தலையில் எண்ணெய் வைத்தாயிற்று. இன்னும் பத்துப் பேர் நகர்ந்தால் அருவி. அப்போது பார்த்து பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த போன் அடித்தது. சென்னையிலிருந்து எங்கள் மேலதிகாரி.

"மேடம், ஒரு ரோபோகூட வேலை செய்யல. பதினொண்ணும் சும்மா உட்கார்ந்திருக்கு."

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டி மேய்க்கும் ரோபோக்களுக்குக் கை கால் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு, மனிதர்கள் செய்து செய்து சலித்துப்போன வேலையைச் செய்கிற மென்பொருள்கள். பதினோரு ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரி எங்கள் வாடிக்கையாளர். கிளைக்கு ஒரு ரோபோ. காலை எட்டு மணிக்கு அது விழித்து, அன்று ஆபரேஷன் ஆகப்போகிறவர்களின் பேப்பர்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வந்தால்தான் ஆபரேஷன். அதுவரை நோயாளி வெறும் வயிற்றோடு படுத்திருக்க வேண்டியதுதான்.

"எரர் என்ன காட்டுது சார்?"

"அதுதான் மேடம் புரியல. எரரே இல்ல. எல்லாம் பச்சையா இருக்கு. 'இன்று விடுமுறை'ன்னு மெசேஜ் வருது. சென்னையில இன்னைக்கு என்ன விடுமுறை?"

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. சென்னைக்கு விடுமுறை இல்லை. கோயம்புத்தூருக்கும் இல்லை. தென்காசி மாவட்டத்துக்கு மட்டும் ஆடித்தபசுத் திருவிழாவுக்காக உள்ளூர் விடுமுறை... அதைப் பதினோரு ரோபோக்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. சித்தியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, எண்ணெய்த் தலையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

எங்கள் தென்காசி ஆபீஸ் என்பது ஒரு மாடி அறை, நான்கு பேர். எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே பார்க்கலாமே, தென்காசியில் தனியாக ஓர் அறை எதற்கு என்று மேலிடம் ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வருடம் நடத்திப் பார்ப்போம் என்றார்கள். அந்த ஒரு வருடம் முடியப் பத்து நாள்தான் பாக்கி. மூடினால் நாங்கள் மூன்று பேர் முனகிக்கொண்டே சென்னைக்கு பஸ் ஏறிவிடுவோம். நான்காவது ஆளான ஜெபாவால் முடியாது. கணவருக்குச் சுரண்டையில் உரக்கடை, மாமனார் படுத்த படுக்கை. இந்த அறை மூடினால் அவளுக்கு வேலை இல்லை.

நான் போனபோது ஜெபா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, நாந்தான்க்கா செஞ்சேன். நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்குன்னுதான் லீவைச் சேர்த்தேன். மத்த பத்துக்கும் எப்படிக்கா போச்சு? இங்கன ஆபீஸே வேண்டாம்னு சார் சொல்லிருவாருல்லா?"

"ஏட்டி, முதல்ல பத்தையும் எழுப்புவோம். அழுகதை மத்தியானம் பாத்துக்கலாம்."

அவள் செய்தது சரியான வேலை. போன வருடம் ஆடித்தபசு அன்று தென்காசி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் எதுவும் வைக்கவில்லை. அது தெரியாமல் எங்கள் ரோபோ முந்தின நாள் பேப்பர்களையே மறுபடி அனுப்பி, ஒரே ஆளுக்கு இரண்டு நாளும் ஆபரேஷன் என்று பெரிய குழப்பம். அதனால்தான் இந்தத் தடவை முன்கூட்டியே காலண்டர் பேக்கேஜில் அந்த நாளைச் சேர்த்துப் புது வெர்ஷனாக ஏற்றியிருந்தாள்.

பேக்கேஜ் என்றால்? ஒரு ரோபோவை முழுக்க முழுக்க நாமே செய்வதில்லை. மெயில் அனுப்ப ஒன்று, பிடிஎஃப் படிக்க ஒன்று, விடுமுறை பார்க்க ஒன்று என்று ரெடிமேடாக இருக்கும் துண்டுகளைச் சேர்த்துத்தான் கட்டுகிறோம். உலகத்துக்குப் பொதுவானவை இணையத்தில் ஒரு ஸ்டோரில் கிடைக்கும். நாங்களே எழுதியவை கம்பெனியின் சொந்த ஸ்டோரில் இருக்கும். எது வேண்டும், எந்த ஸ்டோரிலிருந்து, எந்த வெர்ஷன் என்று ஒவ்வொரு ரோபோவிடமும் ஒரு சீட்டு உண்டு. அந்தச் சீட்டில்தான் கோளாறு. "எந்த வெர்ஷன்" என்ற இடத்தில் நம்பர் இல்லை. "எது புதுசோ அதை எடுத்துக்கொள்" என்று இருந்தது.

மளிகைக் கடைக்குத் துவரம்பருப்பு என்று மட்டும் எழுதிக் கொடுத்தனுப்பினால் போன மாதம் வாங்கிய அதே பருப்பா வரும்? இன்றைக்கு எந்த மூட்டையைப் பிரித்தார்களோ அதுதான் வரும். அப்படித்தான் ஜெபா தென்காசிக்காக வைத்த புது வெர்ஷனைப் பதினோரு ரோபோக்களும் சமர்த்தாக எடுத்துப் போட்டுக்கொண்டன.

சரி, சீட்டில் அப்படி எழுதியது யார்? வேறு யார், நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ரோபோவாகத் திறந்து நம்பர் மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? தானாக நடக்கட்டும் என்று விட்டேன். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து, ஒரு மீட்டிங்கில் பெருமையாக விளக்கியும் இருக்கிறேன்.

'தானாக' என்ற வார்த்தை மேல் நமக்கு அவ்வளவு மோகம். போனில் அப்டேட் என்று வந்தால் படித்துப் பார்த்தா அமுக்குகிறோம்? புதிது என்றால் நல்லது... முடிந்தது கதை. யாருக்காகப் புதிது, எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கமே நம்மிடம் இல்லை.

எங்களைக் காப்பாற்றியது ஜெபாவின் இன்னொரு பழக்கம். அவள் எந்தப் பழைய வெர்ஷனையும் அழிக்க மாட்டாள். "ஸ்டோர்ல குப்பை சேருது, கிளீன் பண்ணுங்க" என்று சென்னையிலிருந்து இரண்டு முறை மெயில் வந்தும் அசைந்து கொடுக்கவில்லை. பழைய காலண்டர் அப்படியே இருந்தது. ஆளுக்கு ஐந்து ரோபோ பிரித்துக்கொண்டோம். சீட்டைத் திறந்து, இந்த வெர்ஷன்தான், வேறு எதுவும் கூடாது என்று நம்பர் போட்டு மூடினோம். பத்தரைக்குப் பத்தும் ஓட ஆரம்பித்தன. தென்காசி ரோபோவை மட்டும் தொடவில்லை. அதற்கு நிஜமாகவே லீவு.

ஆபரேஷன் எதுவும் ரத்தாகவில்லை. ஆனால் பத்து ஊர்களில் நோயாளிகள் இரண்டரை மணி நேரம் கூடுதலாகப் பசியோடு கிடந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் வீடியோ காலில் மேலதிகாரி வந்தார். எடுத்த எடுப்பில், "இந்த லீவைப் போட்டது யார்?"

"நாந்தான் சார்," என்றாள் ஜெபா.

"சார், அவள் தென்காசிக்குப் போட்டாள். மற்ற ஊர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்தது நான்," என்றேன். "அவள் பழைய வெர்ஷனை எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் இப்போதுகூட ரோபோக்கள் எழும்பியிருக்காது. நீங்கள் அழிக்கச் சொன்ன வெர்ஷன்தான் சார் அது."

நான் அதோடு விடவில்லை. கம்பெனி ஸ்டோருக்குள் யார் எதை ஏற்றுகிறார்கள் என்று பார்க்க இன்றுவரை ஓர் ஆள் கிடையாது. இனி ஜெபா பார்த்து அனுமதித்தால்தான் எதுவும் உள்ளே போக வேண்டும். சென்னை ஆட்கள் ஏற்றினாலும் சரிதான் என்றேன். அதை அவள் இங்கே தென்காசியில் இருந்துதான் செய்வாள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"யோசிக்கிறேன்," என்றார்.

பத்தாவது நாள் மெயில் வந்தது. தென்காசி ஆபீஸ் தொடரும். பேக்கேஜ் ஸ்டோர் பொறுப்பு ஜெபாவுக்கு. அவள் அதை மூன்று முறை படித்துவிட்டு, கணவருக்குப் போன் போட்டு, "ஏங்க, எனக்கு வேலை இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

போன திங்கட்கிழமை நான் ஒரு சின்ன பேக்கேஜை ஸ்டோரில் ஏற்றினேன். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தது.

"என்ன மாத்துனியன்னு ஒரு வரிகூட எழுதல. எந்த ஊருக்குன்னும் சொல்லல. இப்படில்லாம் உள்ள விட முடியாதுக்கா."

எல்லாவற்றையும் எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறேன். இன்னும் அனுமதி வரவில்லை.