கையெழுத்துப் போடாத ரஹமத்துன்னிசா

திருக்கோவிலூரிலிருந்து ரஹமத்துன்னிசாவின் தம்பி காலையில் கூப்பிட்டார். "அக்கா மவுத்தாயிட்டாங்கண்ணே. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." விடுப்பில் நைனார்பாளையத்தில் இருந்த நான் உடனே பஸ் ஏறினேன்.

எரிவாயு மின்நிலையத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். கடலோரத்து அந்த நிலையத்தில் ஷிஃப்டுக்குப் பொறுப்பேற்ற ஒரே பெண். மளிகைக் கடைக்காரர் மகள். எரிவாயுவில் ஒரு டர்பைன் ஓடும். அது கக்கும் சூட்டில் நீராவி எடுத்து இன்னொன்றை ஓட்டுவோம். "ஒரே நெருப்புகிட்ட ரெண்டு வேல வாங்கறோம். அதுக்கு மரியாத குடுக்கணும்" என்பார்.

ஒரு கோடை மதியம், நின்றிருந்த டர்பைனை ஓட்டச் சொல்லி அவசர உத்தரவு வந்தது. டர்பைன் அறையில் வாயுக் கசிவு எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சென்சார் பழசும்மா. அது டர்பைனைத் தடுக்காதபடி பைபாஸ் பண்ணிட்டு ஓட்டு" என்றார் மேலதிகாரி.

"பழசுன்னா மாத்துங்க சார். பைபாஸுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

அதிகாரி அந்த அனுமதித் தாளை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுத்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"இன்னா செல்வம் பண்ற? பக்கத்து பாய்லர்ல ஆளுங்க வேல செஞ்சிகினு இருக்காங்க. எதுனா ஆச்சின்னா அவங்க வூட்டுக்கு நீ போய் சொல்லுவியா?" என்று என்னிடம் கேட்டார் ரஹமத்துன்னிசா.

பேனாவை வைத்துவிட்டேன்.

ஃபிட்டர்கள் போய்க் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார்கள். ஓர் இணைப்பில் நுரை கொப்பளித்தது. கசிவு உண்மை.

ஆனாலும் உற்பத்தியைத் தாமதப்படுத்தியதாக அவருக்கு மெமோ வந்தது. ஸ்டோருக்கு மாற்றினார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினால் பழைய இடம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள்.

"அந்த நுரை வந்து வருத்தம் தெரிவிக்கட்டும், அப்புறம் நானும் தெரிவிக்கறேன்" என்றார். ஓய்வு பெறும்வரை ஸ்டோரில்தான் இருந்தார். அந்த ஒரு வரியை எழுதவேயில்லை.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது, அன்று எங்களோடு பணியிலிருந்த ஒருவர், "கொஞ்சம் அனுசரிச்சிருந்தா எங்கயோ போயிருப்பாங்க" என்றார்.

"அனுசரிச்சிருந்தா நாம ரெண்டு பேரும் இன்னைக்கு இங்க நின்னுகினு இருக்க மாட்டோம்" என்றேன். கபர்ஸ்தான் வாசல் என்றும் பார்க்காமல் உரக்கவே சொன்னேன். யார் கேட்டாலும் இன்னொரு முறையும் சொல்வேன்.

அவரை அஞ்சாத பெண் என்கிறார்கள். அது பொய். மறுத்துப் பேசிய அந்த மதியம் அவருடைய இரண்டு கைகளும் நடுங்கின. மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார்; அருகில் இருந்த நான் மட்டும் பார்த்தேன். நடுங்கிக்கொண்டே மறுக்கலாம். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அதுதான்.