மணல் மேட்டில் வந்த ஒரு சொல்

என் மகள் மணல் மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே வண்டியோடு மாட்டிக்கொண்டு நின்றாள். மேட்டின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாது. வருகிறவருக்கும் அவள் இருப்பது தெரியாது. இரண்டையும் பார்க்கிற இடத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

போன ஆயுத பூஜை அன்று காலையில் இது நடந்தது. நம் முனியப்பனைக் கும்பிடுகிற சொந்தங்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

என் பெயர் பெருமாள். சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறேன். பழைய கல் குவாரி ஒன்றில் மணலைக் கொட்டி மேடு மேடாக ஆக்கி, பைக் போல ஹேண்டில் வைத்த நான்கு சக்கர மோட்டார் வண்டி ஓட்ட விடுகிறார்கள். சனி ஞாயிறுகளில் பெங்களூர்க்காரர்கள் வந்து ஓட்டுவார்கள். பெரிய மேட்டின் ஓரத்தில் விசிலோடு நிற்பதுதான் என் வேலை. மணல் மேட்டில் ஏறுகிறவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் எட்டடி உயரக் கம்பியில் சிவப்புக் கொடி கட்டுவோம். ஒரு வண்டி மேட்டைத் தாண்டி இறங்கிய பிறகு நான் விசில் ஊதுவேன். அப்புறம்தான் அடுத்த வண்டி ஏறலாம்.

நான் கூச்சப்படுகிறவன். ஆட்கள் முன்னால் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டேன். விசில் இருந்ததால்தான் அந்த வேலையில் என்னால் இருக்க முடிந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் இடத்தில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். என் மனைவியும் மகள் சுகன்யாவும் வந்தார்கள். முந்தின நாளே வண்டிகளைக் கழுவி, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று டயர்களில் காற்றை நிறைத்திருந்தோம். கொடிக் கம்பிகளைக் கழற்றிச் சாமி படத்தின் முன்னால் அடுக்கினோம். சூப்பர்வைசர் என் கழுத்தைக் காட்டி, "பெருமாளு, இதாய்யா உன் ஆயுதம். கழட்டி வெய்யி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விசிலைக் கழற்றி வைத்தேன். அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. அது உங்களுக்கே தெரியும்.

பொரி கடலை கொடுத்து முடித்ததும், முதலாளியின் மச்சான் சேத்தன் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு குவாரியின் பின்பக்கம் போனார். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். கன்னடம்தான் பேசுவார். அதைப் பார்த்ததும் சுகன்யாவுக்கும் ஆசை வந்துவிட்டது.

"ஏம்ப்பா, தெனம் ஊரான் வீட்டு ஆளுங்க ஓட்டுறத பாத்துட்டு நிக்கிற. நான் ஒரு ரவுண்டு போனா என்னா?"

"உடுய்யா, புள்ள ஆசப்படுது" என்றார் சூப்பர்வைசர்.

வண்டியில் கொடி இல்லை. என்னிடம் விசில் இல்லை. பின்னால் ஒரு வண்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றும் எனக்குத் தெரியும். நல்ல நாளில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். ஹெல்மெட்டை மட்டும் மாட்டிவிட்டேன்.

கொடிக்கும் விசிலுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு வண்டியை மட்டும் ஓட்டினோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

நான் எப்போதும் நிற்கிற ஓரத்தில் போய் நின்றேன். அவள் மேட்டில் ஏறினாள். மணலில் ஓட்டும்போது டயரில் காற்று குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் டயர் அகன்று மணல்மேல் நிற்கும். காற்று நிறைந்த டயர் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது அவள் வண்டி புதைந்தது. அவள் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது.

அதே நேரம் சேத்தன் மறுபக்கத்து அடிவாரத்துக்கு வந்து, மேட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே விசில் இல்லை. ஓடினேன். மணலில் ஓட முடியவில்லை, முழங்கால் வரை இறங்கியது. கத்தப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. அந்தப் பக்கம் மணல் கெட்டி. அவர் பாதி மேடு ஏறிவிட்டார். இன்னும் சில நொடியில் உச்சியைத் தாண்டி என் பிள்ளையின்மேல் வந்து விழுவார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது கேட்டேன். "முனியப்பா, ஒரு சத்தம் குடு. ஒன்னே ஒன்னு போதும்."

"நில்லு!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. குவாரிப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. சேத்தன் பிரேக்கைப் பிடித்தார். உச்சிக்கு இரண்டு ஆள் நீளம் இருக்கும்போது வண்டி நின்றது.

அவர் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் ஹேண்டிலில் மாட்டியிருந்தார். அதனால்தான் காதில் விழுந்தது என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஹெல்மெட் போடாதது தப்புதான். அதைச் சாமி கணக்கில் சேர்க்கமாட்டேன். நான் கேட்டது சத்தம். அது வந்தது.

சேத்தன் இறங்கி, உச்சிவரை நடந்து வந்து கீழே பார்த்தார். சுகன்யா ஹெல்மெட்டோடு அவரை அண்ணாந்து பார்த்தாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம், "நில்லு அந்த்ரி, நிந்தே" என்றார். நில்லு என்றீர்கள், நின்றேன். அந்தச் சொல் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுதான். "ஏய், வேண்டாம்" என்றோ "வராதே" என்றோ நான் கத்தியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது. நான் சொல்லைத் தேடவில்லை. கொடுக்கப்பட்டது.

சூப்பர்வைசர் ஓடி வந்து, "யோவ், உனக்கு வாயி இருக்குதாய்யா?" என்றார். என் மனைவி அழுதுகொண்டே, "இருபது வருசமா எனக்கே தெரியாது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஊருக்குப் போய் முனியப்பனுக்குப் பொங்கல் வைத்தோம். திரும்பி வந்ததும் சூப்பர்வைசரிடம் போய், "சார், வர்ற வருசத்துலேருந்து வண்டிச் சாவியும் பூஜையில இருக்கணும். மறுநாள்தான் எடுக்கணும்" என்றேன். அவர் சரி என்றார்.

இப்போது வண்டி எடுக்க வருகிறவர்கள் முன்னால் நின்று நானே பேசுகிறேன். ஒருவர் பின் ஒருவராக ஏறுங்கள், உச்சியில் வேகம் வேண்டாம், வண்டி புதைந்தால் முறுக்காதீர்கள் என்று சொல்கிறேன். சில நாள் குரல் அடைத்துக்கொள்ளும். அப்போது மனதுக்குள் முனியப்பனைக் கூப்பிடுவேன். வந்துவிடும்.

இதை வாசிப்பவர்களில் என்னைப் போல வாய் எழாதவர்கள் இருப்பீர்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தும், நாம் எப்படிச் சொல்வது என்று நிற்பீர்கள். பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். ஒரு சத்தம் கேளுங்கள். முனியப்பன் கொடுப்பார். நான் முதலிலேயே கேட்டிருந்தால், என் மகள் அந்த வண்டியில் ஏறியே இருக்கமாட்டாள்.