வழியில் ஓர் இடம்

2023 ஜூன் 30 – பி.எஃப். பணம் – ரூ. 4,12,360
2023 ஆகஸ்ட் 21 – எர்டிகா கார், செகண்ட் ஹாண்ட் – ரூ. 5,65,000
2023 செப்டம்பர் 4 – டிரைவருக்கு அட்வான்ஸ் – ரூ. 5,000
2024 ஜனவரி 29 – புக்கிங் அட்வான்ஸ் – ரூ. 2,000
2024 பிப்ரவரி 9 – சென்னை விமான நிலையம் முதல் ஆம்பூர் வரை, வழியில் ஓர் இடம் – ரூ. 7,800

பிரிசில்லா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவள். தைத்து முடிந்து வரும் ஷூவைத் துடைத்து, உள்ளே காகிதம் அடைத்து, மெல்லிய தாளில் சுற்றி, ஜோடி சேர்த்துப் பெட்டியில் வைத்து மூடுவது அவள் வேலை. ஆம்பூரில் பல கம்பெனிகளைப் போலவே அங்கேயும் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு வேலை நாள். ஆகவே இத்தனை வருஷமும் ஞாயிறு காலை முதல் ஆராதனைக்குப் போய், பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லும் முன்பே பின்வாசல் வழியாக நழுவி, கம்பெனி பஸ்ஸைப் பிடித்தாள். துணி துவைப்பது, உறவு விசாரிப்பது, ஊர் சுற்றுவது எல்லாம் வெள்ளிக்கிழமைதான். வேலையை விட்ட பிறகும் அவள் உடம்புக்கு வெள்ளிதான் ஞாயிறு. இந்தக் கதையில் நடந்த தப்புக்கும், அதைவிடப் பெரிய நல்லதுக்கும் அதுவே காரணம்.

கழுத்து வலி வந்து வேலையை விட்டவள், பி.எஃப். பணத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து ஒரு வெள்ளை எர்டிகாவை வாங்கினாள். புருஷன் கோபி தோல் மண்டியில் வேலை. "கார் ஓட்டத் தெரியாதவளுக்குக் கார் எதுக்கு?" என்று அவன் ஒரே ஒரு தடவை கேட்டான். "விமானம் ஓட்டத் தெரிஞ்சவங்களா விமானக் கம்பெனி வெச்சிருக்காங்க?" என்றாள்.

வண்டியை ஓட்ட முனீர் அகமது கிடைத்தார். முன்பு லாரியில் தோல் ஏற்றிப் போனவர், ஐம்பது தாண்டியவர், வாய் ஜாஸ்தி, வேகம் கம்மி. பிரிசில்லாவின் மகள் பாரதி வேலூரில் கல்லூரிப் படிப்பு. அவள்தான் செல்போனிலேயே ஒரு விளம்பரப் பக்கம் போட்டுக் கொடுத்தாள். சென்னைக்கும் பெங்களூருக்கும் தனி கார். வழியில் ஓர் இடம் இறங்கிப் பார்க்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பெங்களூர்ப் பக்கம் என்றால் ஏலகிரி. சென்னைப் பக்கம் என்றால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் மியூசியம்.

"அந்த மியூசியத்தைத் திறந்துட்டாங்களாடி?" என்று பிரிசில்லா கேட்டாள்.

"எப்பவும் திறந்துதான்மா இருக்கு. போன செவ்வாய்க்கிழமைகூட எங்க கிளாஸையே கூட்டிட்டுப் போனாங்க."

பிரிசில்லாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. செக்‌ஷன் பெண்களோடு கோட்டைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். போனபோதெல்லாம் அந்தக் கதவில் பூட்டுதான். ஏதோ ரிப்பேர் வேலை, இப்போது முடிந்து திறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அவள் போனதெல்லாம் வெள்ளிக்கிழமை என்பது அவள் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஜனவரி கடைசியில் அவள் வேலை பார்த்த அதே கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அங்கே நிர்வாக மேனேஜர் ரஃபி அகமது. வாயால் ஆயிரம் பேசினாலும், கம்பெனி லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டு வந்தால்தான் அவரிடம் அது பேச்சு. ஸ்பெயினிலிருந்து ஷூ வாங்கும் ஒரு பையர் அம்மா வருகிறார், பெயர் மார்த்தா. பிப்ரவரி 9 காலை சென்னையில் இறங்கி அன்றே ஆம்பூர் வரவேண்டும். உங்கள் விளம்பரப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவரே மியூசியத்தைக் கேட்டிருக்கிறார். பழைய பூவேலை, கொடிவேலை எல்லாம் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தது. பிரிசில்லா உடனே போன் போட்டாள்.

"நல்லா கேட்டுக்கம்மா பிரிசில்லா," என்றார் ரஃபி. "வருஷம் பூரா வர்ற பையர்ங்களுக்கு இப்ப சென்னை டிராவல்ஸ் வண்டிதான் ஓடுது. இந்த ஒரு டிரிப் சரியா முடிஞ்சா, ஒரு வருஷ ஆர்டர் உனக்கு. கம்ப்ளைண்ட் ஒண்ணு வந்தாலும் பழைய ஆளுங்களே."

"கம்ப்ளைண்ட் வராது சார். நான் பேக் பண்ண பெட்டி என்னிக்காவது திரும்பி வந்திருக்கா?"

"இது பெட்டி இல்லம்மா, மனுஷி," என்று போனை வைத்தார்.

ஒரு வருஷ ஆர்டர். வண்டிக் கடன் அடையும்; இன்னொரு வண்டிகூட எடுக்கலாம். அன்று ராத்திரி கோபி போட்ட சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

பயணத்துக்குப் பக்காவாகத் திட்டம் போட்டாள். வெள்ளிக்கிழமை என்பதால் முனீருக்கு ஜும்மா தொழுகை உண்டு. ஆகவே தொழுகை நேரத்துக்குச் சரியாக வேலூர் போய்ச் சேர்வது. இவர்களைக் கோட்டைக்குள் இறக்கிவிட்டு அவர் வண்டியோடு பள்ளிவாசலுக்குப் போவது. தொழுது வருவதற்குள் இவர்கள் மியூசியம் பார்த்துவிடுவது. முனீருக்கு இங்கிலீஷ் வராது என்பதால் தானே கூடப் போவது. வெள்ளிக்கிழமையைப் பற்றி யோசிக்க வேண்டியதை எல்லாம் யோசித்தாள், ஒன்றைத் தவிர.

மார்த்தா உயரமான பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கைகுலுக்கியதும் பிரிசில்லாவின் கண் பழக்கதோஷத்தில் அவர் காலுக்குப் போனது. தேன் நிறத் தோலில் பின்னல் வேலை செய்த ஷூ.

"பைபிள்ல இருக்கிற பேரு, பாய்," என்று முனீரிடம் பெருமையாகச் சொன்னாள்.

"அப்படின்னா ஏசி கொஞ்சம் ஜாஸ்தியாவே வைக்கிறேன்," என்றார் அவர்.

பிரிசில்லாவின் இங்கிலீஷ் பேக்கிங் செக்‌ஷனில் கற்றது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் பயம் விட்டுப்போயிற்று. வாலாஜாபேட்டையில் பாலாற்றைக் காட்டி, "ரிவர், மேடம். வாட்டர் ஷார்ட் சப்ளை," என்றாள். கோட்டை மதில் கண்ணில் பட்டதும் குரல் உயர்ந்துவிட்டது. "ஃபோர் ஹண்ட்ரட் இயர்ஸ் அபவ். ஃபுல் ஸ்டோன். நோ ரிஜெக்‌ஷன்." மார்த்தா வாய்விட்டுச் சிரித்தார். ஆர்டர் கைக்கு வந்த மாதிரியே இருந்தது பிரிசில்லாவுக்கு.

முனீர் இறக்கிவிட்டு, "வர்றேன், வந்து கூட்டிக்கிறேன்," என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இருவரும் மியூசியத்துக்கு நடந்தார்கள்.

கதவில் பூட்டு. பக்கத்தில் பலகை. வெள்ளிக்கிழமை விடுமுறை.

பிரிசில்லா அதை இரண்டு தடவை படித்தாள். எந்தக் கிழமை இவளுக்கு லீவு கொடுத்து கோட்டைக்கு அனுப்பியதோ, அதே கிழமை மியூசியத்துக்கும் லீவு. இந்தப் பக்கத்தில் ஷூ தைக்கிற, தோல் பதனிடுகிற ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்த்திருக்க மாட்டார்கள். இவ்வளவும் ஒரே நொடியில் விளங்கியது. விளங்கி என்ன பிரயோஜனம்?

மார்த்தா பலகையின் இங்கிலீஷ் வரியைப் படித்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. தோள்பையிலிருந்து வெளியே எடுத்திருந்த, படம் வரையும் தாளை மறுபடி உள்ளே வைத்தார்.

"மை மிஸ்டேக், மேடம்," என்றாள் பிரிசில்லா. "ஃபுல் மை மிஸ்டேக்."

கிளம்பிவிடலாம் என்றால் வண்டி இல்லை. முனீருக்குப் போன் போட்டாள். தொழுகையில் இருக்கிற மனுஷர், அணைத்து வைத்திருந்தார். அப்போதுதான் புல்வெளிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அடியே பிரிசில்லா! முதலாளியம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்கடி!"

சுந்தரி. அதே கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் இருப்பவள். மரத்தடியில் போர்வை விரித்து ஏழெட்டுப் பெண்கள், பிள்ளைகள், பாத்திரங்கள். வெள்ளிக்கிழமை, வேறு எங்கே போவார்கள்?

பிரிசில்லா ஓடிப்போய், "மெதுவாப் பேசுடி, கஸ்டமர் கூட இருக்காங்க. மியூசியம் பூட்டியிருக்கு. எனக்கு உயிரே போவுது," என்றாள்.

"அது என்னிக்குத் திறந்திருந்துச்சு?" என்றாள் சுந்தரி. "இன்னா இப்போ, வண்டி வர்ற வரைக்கும் அந்தம்மா வெயில்ல நிக்கணுமா? கூப்பிடு, உக்காரட்டும்."

மார்த்தா கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிட்டார். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். பிரியாணியும் கத்திரிக்காயும் தட்டில் வந்தன. போர்வையில் உட்காருவதற்காக அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

சுந்தரி அதை எடுத்தாள். பிரிசில்லாவுக்குப் பகீரென்றது. "கீழ வைடி."

"இரு." சுந்தரி உள்ளே பார்த்தாள், பின்னலைத் தடவினாள், அடுத்தவளிடம் கொடுத்தாள். அது கை மாறி மாறிச் சுற்றியது. "நம்ம லைன்ல போன வருஷம் ஓடுச்சே, அந்தப் பின்னல் மாடல். நாமதான் தைச்சது."

"அப்போ பெட்டியில போட்டது நான்," என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள் பிரிசில்லா. பிறகு அவள் இங்கிலீஷில் சொன்னாள்: இவள் தைத்தாள், நான் மூடினேன், நீங்கள் போட்டிருக்கிறீர்கள். மார்த்தா கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வரைந்தது நான், என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

சுந்தரிதான் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேளுடி அந்தம்மாவை. ஆயிரக்கணக்குல தைச்சிருக்கோம். கம்பெனியில கட்டைக் கால் அச்சுல மாட்டிப் பாத்திருக்கோம், பெட்டியில பாத்திருக்கோம். இதைப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷி நடந்து ஒருத்தியும் பாத்ததில்ல. கொஞ்சம் நடந்து காட்டுவாங்களா?"

"சும்மா இருடி, பேஜார் பண்ணாத."

"கேளு, சொல்றேன். முடியாதுன்னா முடியாதுன்னுட்டுப் போறாங்க."

பிரிசில்லா கேட்டாள். வார்த்தை சரியாக வரவில்லை. இரண்டு விரலால் உள்ளங்கையில் நடந்து காட்டினாள். மார்த்தா எழுந்தார். கையைக் கழுவினார். ஷூவைப் போட்டுக் கயிறு இறுக்கிக்கொண்டு, மரத்தடியிலிருந்து நடைபாதை வரை நடந்து போய், திரும்பி வந்தார். பெண்கள் எல்லோரும் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தார்கள். "மடங்குது பார், மடிப்பு விழல," என்றாள் ஒருத்தி. "இன்னொரு தடவை," என்றாள் மற்றவள். மார்த்தா இந்த முறை இடுப்பில் கை வைத்து, தலையை நிமிர்த்தி, வேண்டுமென்றே ஒய்யாரமாக நடந்தார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். பக்கத்து மரத்தடிக் குடும்பங்களும் எழுந்து வந்தன. அவர்களும் ஏதோ ஒரு கம்பெனிதான். மதிலோரம் வரை நடந்துபோன அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஊர்வலமே போயிற்று. பிரிசில்லா சிரித்தாளா அழுதாளா என்பதை அவளிடம் கேட்டால் இரண்டும் இல்லை என்கிறாள். சுந்தரி இரண்டும் என்கிறாள்.

முனீர் தொப்பியை மடித்தபடி வந்து நின்றார். "இன்னாது, மியூசியம் பாத்தாச்சா?"

"வெள்ளிக்கிழமை லீவாம், பாய்."

"லாரி ஓட்டின காலத்துலேருந்து இந்தப் பக்கம் வந்தா வேலூர்லதான் தொழுவறேன். எனக்கே தெரியாதே," என்றார்.

ஆம்பூர் போகும்வரை மார்த்தா தாளில் ஏதோ வரைந்துகொண்டே வந்தார். பிரிசில்லா கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடந்த சந்தோஷம் வேறு, கேட்ட இடம் பூட்டிக் கிடந்தது வேறு அல்லவா? அன்று சாயங்காலமே ரஃபியிடம் போனில் உள்ளதைச் சொன்னாள். அவர், "எதுவானாலும் லெட்டர்ல வரும்," என்றார்.

திங்கட்கிழமை மார்த்தா சென்னைக்குத் திரும்பினார். பிரிசில்லா தானாகவே வண்டியைக் கோட்டைக்குள் விடச் சொன்னாள். கதவு திறந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளும் உள்ளே போனாள்; சிலை, நாணயம், பழைய துப்பாக்கி என்று ஒவ்வொன்றையும், பெட்டியில் போடுவதற்கு முன் பார்ப்பதுபோல, நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். மார்த்தா சீக்கிரமே வெளியே போய்விட்டார். இவள் பதறி வந்தபோது அவர் அந்த மரத்தடியில் நின்றிருந்தார். புல்வெளியில் ஒருவரும் இல்லை.

"எங்கே எல்லாரும்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"வொர்க்கிங் டே, மேடம்," என்றாள் பிரிசில்லா.

பிப்ரவரி 19-ஆம் தேதி கம்பெனியின் இரண்டாவது கடிதம் வந்தது. புக் செய்த இடம் புக் செய்த நாளில் காட்டப்படவில்லை, விளக்கம் தரவும். அவ்வளவுதான். பாரதி, "ஏதாவது சமாளிச்சு எழுதும்மா, ரிப்பேர்னு சொல்லு," என்றாள். பிரிசில்லா கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை நாளாக இருந்ததுபோல மியூசியத்துக்கும் அதுவே விடுமுறை நாள் என்பதை யோசிக்காமல் விட்டேன், தப்பு என்னுடையது என்று எழுதி அனுப்பினாள். அதன் பிறகு தபால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். முனீர் தினமும் வண்டியைத் துடைத்துவிட்டு, "இன்னா, வந்துச்சா?" என்பார். "வரல பாய்." "வரும். அந்தம்மா நடந்த நடை எனக்குத் தெரியும்." அவர் அதைப் பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது கடிதத்தை அவள் உடனே பிரிக்கவில்லை. மேஜைமேல் வைத்து, கையைத் துடைத்து, ஓரத்திலிருந்து சீராகக் கிழித்தாள். ஒரு வருஷத்துக்கு எல்லா விமான நிலையப் பயணங்களும் அவளுக்கு. கீழே ரஃபி அகமதுவின் கையெழுத்து; அதற்கு மேலே ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை வந்திறங்கும் பையர்களை, மார்த்தா அம்மையார் தமது அறிக்கையில் கேட்டுக்கொண்டபடி, வேலூர்க் கோட்டைப் புல்வெளியில் மதிய உணவு நேரத்தில் நிறுத்தவும். மியூசியம் அவசியமில்லை.

பிரிசில்லா அதைச் சத்தமாக வாசித்தாள். வாசலில் நின்ற முனீர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள் 2024 மார்ச் 4, திங்கட்கிழமை.